மதினிக்காக விட்டுவைத்த பிரவுசர்

தூத்துக்குடியில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்றுதான், குழந்தை வேண்டி மதுரையில் டாக்டர் இருக்கிறாரா என்று லேப்டாப்பில் தேடினேன். கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள்: "ஏளா, மதுரைக்கு வைத்தியத்துக்குப் போறியாமே?"

என்னைத் தவிர என் லேப்டாப்பைத் தொடுவது வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி மட்டும்தான். கரண்ட் பில் கட்டணும் என்று வருவாள். நான் தேடியதெல்லாம் பிரவுசரில் அப்படியே கிடந்திருக்கிறது.

நான் சண்டை போடவில்லை. மூடியதுமே எல்லாவற்றையும் அழித்துவிடும் வேறொரு பிரவுசருக்கு மாறினேன். பழையதில் ஒன்றே ஒன்று தேடி வைத்தேன்: "அடுத்தவள் கம்ப்யூட்டரை நோண்டி ஊரெல்லாம் சொல்லும் நாத்தனாரை என்ன செய்யலாம்?"

மறுநாள் மதினி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படி வாசலில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏளா, உன் கம்ப்யூட்டர்ல..."

"என்னத்தப் பாத்திய மதினி?"

"ஒண்ணுமில்ல."

அந்த "ஒண்ணுமில்ல" எனக்கு அப்படி இனித்தது.

மன்னிக்கச் சொல்லித்தான் சாமியார் பிரசங்கம் வைக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம் என் பாவமெல்லாம் சொல்கிறேன், இதைத் தவிர. மதினி வரும்போதெல்லாம், பழைய பிரவுசரைத் திறந்து லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் இன்னமும் காப்பி போடப் போகிறேன்.