காஸ் சந்தை திறந்த குளிர்காலம்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் கனடாவில், வோபர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். மேலே வீட்டுக்கார அண்ணையும் அக்காவும் இருந்தார்கள். காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரின் பின்னால்தான் நின்றது. அது நாள் முழுக்க உறுமும். உறுமிச் சேர்த்த சூட்டையெல்லாம் மேலே அனுப்பிவிடும். எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்டாட்டும் மேலேதான், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

நான் குடிவந்த கையோடு அண்ணை கேட்டார். "தம்பி, கீழ குளிருதோ?"

"சீச்சீ, இல்லை அண்ணை. எனக்கென்ன குளிர்?" என்றேன்.

எங்கள் ஆட்களின் மரியாதை அது. சாப்பிடுங்கோ என்றால், வயிறு காய்ந்துகொண்டிருந்தாலும், "இப்பதான் சாப்பிட்டனான்" என்போம். கேட்டவர் விடமாட்டார். இன்னொருதரம் கேட்பார், கையைப் பிடித்து இருத்துவார். சரி, உங்களுக்காக என்று அப்போது ஒரு பிடி பிடிப்போம். நானும் அண்ணையின் இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தேன். அண்ணை கனடாவுக்கு வந்து கனகாலம். இல்லை என்றால் இல்லைதான் என்று நம்பும் பழக்கம் அவருக்கு எப்போதோ தொற்றிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் கேட்கவே இல்லை.

அடுத்த குளிர்காலம் காரியம் அவசரமாகிவிட்டது. மனைவிக்கு விசா கிடைத்து, தை மாதம் வருவதாக இருந்தாள். தொலைபேசியில் நான் அவளிடம் அளந்தது கொஞ்சமல்ல. "வெளியிலதான் பனி. வீட்டுக்குள்ள வந்தா கொழும்பு மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். சொன்னபோது காலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலுறைகளும் தலையில் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தேன். கல்யாணம் முடிந்த கையோடு பிரிந்தவள், வந்திறங்கியதும் பல்லுக் கிட்டிப் படுக்கப்போகிறாள் என்று நினைக்க எனக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவள் வருவதற்குள் மேலே அந்தத் தேர்மோஸ்டாட் உயரவேண்டும். கேட்டால் முடிந்துவிடும் விஷயம்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒன்ராறியோவில் காஸ் விற்பனை விதிகள் மாறியிருந்தன. வீட்டுக்குக் குழாய் இழுத்த கம்பெனியிடமே காஸ் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. விரும்பிய வியாபாரியிடம் வாங்கலாம், அது பழைய குழாய் வழியாகவே வரும். சில வருடங்களுக்கு விலை ஏறாமல் கட்டித் தருகிறோம் என்று அந்த வியாபாரிகளின் ஆட்கள் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். நான் டோனட் கடையில் வேலை செய்தாலும் ஊரில் பொருளாதாரம் படித்தவன். வாசிகசாலையில் ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவேன். அது சூடான இடம் என்பதும் ஒரு காரணம்.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு அந்த மகத்தான யோசனை தோன்றியது. விலை கட்டப்பட்டுவிட்டால் அண்ணைக்குப் பில் பயம் போய்விடும். பயம் போனால் சூட்டைக் கூட்டுவார். நேரே ஒரு வார்த்தை கேட்க வக்கில்லாதவன், ஒரு மாகாணத்தின் சந்தைச் சீர்திருத்தத்தையே துணைக்குக் கூப்பிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை விற்பனைக்காரர் வந்தார். நடுத்தர வயது வெள்ளைக்காரர். அண்ணை என்னை மேலே கூப்பிட்டார். அக்கா அவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அவர் ஒருதரம்கூட மறுக்காமல் "யெஸ் ப்ளீஸ்" என்றார். தட்டில் வைத்த வடையையும் உடனே எடுத்தார். என்ன மனிதன் இவன் என்று நான் மனதுக்குள் முகம் சுளித்தேன்.

பிறகு வகுப்பெடுக்கத் தொடங்கினேன். போட்டி என்றேன், கட்டுப்பாட்டு வாரியம் என்றேன், அடுத்தது மின்சாரமும் இப்படித் திறக்கப்போகிறது என்றேன். விற்பனைக்காரர் வடையைத் தின்றபடி எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாற்ரை காஸும் ஒரே குழாய்க்குள்ளதானே வருது. அதில எங்கட காஸ் எதெண்டு எப்பிடித் தெரியும் தம்பி?" என்றார்.

"அது கணக்கிலதான் அண்ணை பிரியும்" என்றேன். எனக்கே அது அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது.

"சரி, நீர் படிச்சனீர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ராகுகாலம் முடியட்டும், சைன் பண்ணுவம்."

ராகுகாலத்தை அந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் விளக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அவர் அதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு இன்னொரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல நேரம் பிறந்ததும் அண்ணை கையெழுத்து வைத்தார். நான் கீழே போய்த் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பின்னேரம் அறை இன்னும் குளிர்ந்தது. ஃபேர்னஸின் உறுமலும் அடங்கிப்போயிருந்தது. பழுதோ என்று மேலே ஓடினேன்.

அண்ணை பூரிப்போடு, "வாரும் தம்பி. விலையைக் கட்டிப்போட்டம். இனிப் பாவிப்பையும் கொஞ்சம் குறைச்சா நல்ல லாபமெல்லோ? உம்மட புத்தியாலதான்!" என்றார்.

தேர்மோஸ்டாட்டைக் குறைத்திருந்தார். அவரும் அக்காவும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையாட்டிவிட்டுக் கீழே வந்து தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். இதற்கு நான் பொருளாதாரம் படிக்காமலே இருந்திருக்கலாம்.

தை மாதம் மனைவி வந்தாள். மறுநாள் காலை மேலே தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அண்ணை அவளிடம் கேட்டார். "பிள்ளை, கீழ குளிருதோ?"

அவளும் எங்கள் ஊர்க்காரிதான். இல்லை என்று சொல்லப்போகிறாள், பிறகு இருவருமாகச் சேர்ந்து இரண்டாவது கேள்விக்குக் காத்திருக்கவேண்டியதுதான்.

"ஓம் அண்ணை, சரியான குளிர். இவர் தொப்பியோடதான் படுக்கிறார்" என்றாள்.

அண்ணை பதறி எழுந்து தேர்மோஸ்டாட்டைத் திருப்பினார். கீழே ஃபேர்னஸ் உறுமத் தொடங்கியது. என் மனைவி ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி நீர்! காஸ் மார்க்கெட்டைப் பற்றி அவ்வளவு கதைச்சீர், இதை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. உண்மையைச் சொல்லும், உமக்கும் குளிருறதுதானே?"

இத்தனை காலம் நான் காத்திருந்த இரண்டாவது கேள்வி அது. அவர் என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சீச்சீ, இல்லை அண்ணை. எனக்கென்ன குளிர்?" என்றேன்.