உடைமரத்துக்கு எண்ணெய்க் குளியல்

ஊரே நனைவதற்காகக் குற்றாலம் வரும் ஆனி மாதத்தில், நான் அங்கே ஒரு வறட்சியை உண்டாக்கப் படாதபாடு பட்டேன்.

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் குடை பிடித்தாற்போல் நிற்கும் வேல மரங்களுக்கு நம் உடைமரம் உறவுக்காரன். தண்ணீர் இல்லாதபோது அது இலைத்துளைகளை எப்படி அடைத்துக்கொள்கிறது என்பதுதான் என் ஆய்வு. அளக்கும் கருவி இரவலாகக் கிடைத்ததே ஆனியில்தான். ஆய்வேட்டுக்கான கடைசி நீட்டிப்போ ஆடியோடு முடிகிறது. வேறு வழியில்லாமல், வீரகேரளம்புதூர்ப் பொட்டலில் எடுத்த பத்துக் கன்றுகளைத் தொட்டிகளில் வைத்து, மைத்துனரின் லாட்ஜ் மொட்டைமாடி அறையில் அடைத்தேன். சுற்றிலும் தார்ப்பாய், மேலே சூட்டு விளக்குகள். வெளியே சாரல்.

நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில், லாட்ஜில் எண்ணெய் தேய்க்கும் அச்சன்புதூர் அண்ணாச்சிதான் காவல். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று தினமும் சொல்லிவிட்டுப் போவேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு, நான் வாயைத் திறக்குமுன்பே அவரே அதைச் சொல்லிவிடுவார்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. செடிகள் உச்சிவேளையில் சிற்றிலைகளை மடக்கின, கீழ் இலைகளை உதிர்த்தன, இலைவழியே நீராவி விடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தன. பிறகு ஒரு திங்கட்கிழமை, பத்துச் செடிகளும் ஒரே நாளில் ஆவி விடுவதை அடியோடு நிறுத்திவிட்டன. உலகத்தில் யாரும் காணாததைக் கண்டுவிட்டேன் என்று தலைகால் புரியாமல் என் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் செய்தேன். மறுநாளே குற்றாலத்துக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்தவர் ஓர் இலையைத் தடவினார். விரலை முகர்ந்தார். பிறகு அதை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நல்லெண்ணெய். இலைத்துளைகளை அடைத்தது அதுதான்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஒரு சொட்டு தண்ணி காட்டலம்மா. சூட்டுல கெடந்து காயுதுவ, பாக்க முடியல. எண்ணெய் தேச்சுவிட்டேன். நம்ம கையில வேற என்ன இருக்கு?"

பேராசிரியை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறு வருட உழைப்பு. அண்ணாச்சியோ அடுத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்தால் தலைக்கு ஊற்றியாக வேண்டும், இல்லையென்றால் சளி பிடித்துவிடுமாம்.

இனி நனையாமல் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? நானும் அண்ணாச்சியுமாகத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாரலில் வைத்தோம். பத்தாவது தொட்டியை வைத்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணாச்சி என் உச்சந்தலையில் கைவைத்துப் பார்த்தார்.

"நல்லா சூடேறியிருக்கு. சட்டையக் கழத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனார்.