வெள்ளைப் பீங்கானில் நீல இரத்தம்

ஊரடங்கு போட்டிருந்த மாதங்களில்தான் எனக்கு அந்தப் பழக்கம் பிடித்தது. அலுவலகம் பூட்டு, சந்தை பூட்டு, கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் மணிச் சத்தம்கூடக் கேட்காத நாட்கள். கைபேசியில் ஏதோ ஒரு ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருடத்தைவிட நீளமானது என்று ஒரு வரி வந்தது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அதை மூன்று தடவை படித்தேன். யாருக்காவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. முற்றத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப அங்கை பிறந்தநாளை எப்பிடிக் கொண்டாடுறது?" என்று கேட்டார்.

அன்றே இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். தினமும் காலையில் ஒரு தகவலைத் தமிழில் எழுதிப் போடுவேன். வாழைப்பழம் தாவரவியலின்படி 'பெரி' என்னும் சதைக்கனி வகை, ஸ்ட்ரோபெரி அந்த வகையில்லை. மூடிவைத்த தேன் எத்தனை வருடம் போனாலும் கெடாது. இப்படியானவை. ஊரடங்கு முடிந்து, நான் மீண்டும் எழுதுவினைஞர் நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகும் பழக்கம் விடவில்லை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போட்டுவிடுவேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் அவர்களுடைய இரவில் பார்த்து விருப்பம் தெரிவிக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைத் திறந்தால், முன்பின் தெரியாதவர்கள் ஆச்சரியப்பட்டு எழுதியிருப்பார்கள். அவர்களுடைய ஆச்சரியத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

"உது உண்மையோ?" என்று கணவர் சில நேரம் கேட்பார்.

"உண்மையாத்தான் இருக்கும். எல்லாரும் போட்டிருக்கினம்."

அந்தப் பதில் ஒரு நாள் என் காலை வாரியது. சீனப் பெருஞ்சுவர் சந்திரனில் இருந்து பார்த்தாலும் தெரியும் என்று போட்டேன். பத்து நிமிடத்துக்குள் நெல்லியடிப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் கீழே எழுதினார். என் பக்கத்தைத் தினமும் படிப்பவர், ஆனால் நான் நேரில் கண்டதில்லை. "தங்கச்சி, சந்திரனிலை நிண்டு பாத்தா முழுப் பூமியும் எட்டத்திலை வைச்ச தோடம்பழம் மாதிரித்தான் தெரியும். அதுக்குள்ளை ஒரு மதில் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டிருந்தார். ஒரு கோபமும் இல்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. பதிவை எடுத்துவிட்டு, தவறுக்கு வருந்துகிறேன் என்று எழுதினேன். இரண்டு கிழமைக்கு ஒன்றும் போடவில்லை.

திரும்பத் தொடங்கியபோது மிகவும் கவனமாக இருந்தேன். ஒரு தகவலை நான்கு இடத்தில் சரிபார்ப்பேன். ஆனால் நான்கு இடத்திலும் ஒரே வசனம், ஒரே சொல் இருக்கும். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியது என்று எனக்கே தெரியும். நானும் அதே வரிசையில் ஐந்தாவதாக நின்றுகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் கணவாய் மீனைப் பற்றிப் போட்டேன். கணவாய்க்கு மூன்று இதயங்கள், அதன் இரத்தம் நீல நிறம். நாங்கள் தோட்டக்காரக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடாதவர்கள். கணவாய் என்பது எனக்கு ஒரு சொல், அவ்வளவுதான். நெல்லியடிச் சந்தையில் மீன் விற்கும் பக்கம் நான் திரும்பியும் பார்த்ததில்லை.

அதே நெல்லியடிக்காரர் எழுதினார்: "இதைப் பாத்தவை ஆரும் இருக்கினமோ?"

மாலையில் கைபேசியைத் திறந்தபோது, அவருடைய கேள்விக்குக் கீழே ஒரு பெண் பதில் எழுதியிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு படகின் படம்.

"நான் கணவாய் வெட்டுறனான். செவுளுக்குக் கீழை ரெண்டு பக்கமும் கட்டி மாதிரி ரெண்டு கிடக்கும். நடுவிலையும் ஒண்டு. உதுகள் இதயம் எண்டு தெரியாது. நீல ரத்தம் நான் காணேல்லை. எங்களுக்கு மைதான் வாறது. நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்."

அடுத்த நாள் பொதுவில் எழுதாமல் எனக்குத் தனியே ஒரு குரற்செய்தி அனுப்பினார். பின்னால் காற்றுச் சத்தமும் காகங்களும். "அக்கா, நீங்கள் சொன்னது சரி போலத்தான் கிடக்கு. படம் எடுத்தனான், வடிவாத் தெரியேல்லை. சனிக்கிழமை காலமை வாங்கோவன். உயிரோடை வந்தா உங்களுக்கெண்டு ஒண்டு வைச்சிருக்கிறன்." பருத்தித்துறைக்கு அப்பால் அவர்களுடைய கரை எங்கே இருக்கிறது என்றும் விளக்கியிருந்தார்.

கணவரிடம் சொன்னேன். "நீ மீன் வாடிக்குப் போகப் போறியோ?"

"கணவாயைப் பாக்கப் போறன்."

"உனக்கு அந்த மணத்துக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"வந்தா வரட்டும்," என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் அரை மணித்தியாலம்கூட இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது படகு வந்து சேரும் நேரத்தில் அந்தக் கரையில் நின்றிருக்கிறேனா என்று ஓடும்போது யோசித்தேன். இல்லை. கோயில் தீர்த்தத்துக்குக் கடலுக்குப் போயிருக்கிறேன். மற்றப்படி கடல் என்பது எங்களுக்குக் காற்று வரும் திசை.

கணவாய் வெட்டுகிற அந்தப் பெண் என்னுடைய வயதுதான் இருப்பார். வலையும் மீனும் வைக்கும் ஓலை வாடிக்குப் பக்கத்தில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மரப்பலகையின் முன்னால் குந்தியிருந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவரும் என்னை அக்கா என்றார். கடைசிவரை யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கணவர் படகில் இருந்து கூடுகளை இறக்கிக்கொண்டிருந்தார். கம்பும் வலையும் வைத்துக் கட்டிய பெரிய கூடுகள். அவற்றைக் கடலுக்குள் இறக்கித்தான் கணவாய் பிடிக்கிறார்கள்.

"மணம் பிடிக்காட்டி காத்து வாற பக்கமா நில்லுங்கோ," என்றார் அந்தப் பெண். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஒரு வாளிக்குள் எனக்கென்று வைத்திருந்த கணவாய் கிடந்தது. நான் எட்டிப் பார்த்ததும் அதன் முதுகில் வரிவரியாகக் கோடுகள் ஓடின. மண்ணிறம், வெள்ளை, மறுபடி மண்ணிறம். வெயிலில் முகில் நிழல் வயலுக்கு மேலே ஓடுவது போல இருந்தது. அதன் கண்ணில் கறுப்பு மணி வளைந்த கோடாக இருந்தது. அது என்னைப் பார்ப்பது போலத் தோன்றியது. பிறகு அவர் அதை எடுத்துத் தலைக்குப் பின்னால் கத்தியால் ஒரு குத்துக் குத்தினார். நான் முகத்தைத் திருப்பினேன்.

"முடிஞ்சுது அக்கா. இனி அதுக்கு நோகாது. கெதியாப் பாருங்கோ."

வயிற்றுப் பக்கத்தை நெடுக்க வெட்டி, மைப்பை உடையாமல் விரலால் ஒதுக்கிப் பிடித்தார். உள்ளே இரண்டு பக்கமும் தொட்டாற்சிணுங்கி இலை போல இரண்டு செவுள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெளிறிய ஒரு சிறு கட்டி. ஒரு கௌபிப் பயறளவு. அவை துடித்துக்கொண்டிருந்தன.

நான் அப்படியே மண்ணில் குந்திவிட்டேன். இடப் பக்கம் சுருங்கி விரிந்தது. வலப் பக்கம் சுருங்கி விரிந்தது. அவர் கத்தி முனையால் நடுவில் இருந்த ஒரு தோலை மெல்ல விலக்கினார். அங்கே மூன்றாவது, மற்ற இரண்டையும்விடத் தடிப்பாக, நிதானமாகத் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினேன். சத்தி வரவில்லை. அழுகை வரப் பார்த்தது.

"இருவது வருசமா இதைக் கழட்டி எறியிறன்," என்றார் அவர். "துடிக்கிறதையும் கண்டிருக்கிறன். சதை துடிக்குது எண்டுதான் நினைச்சனான். நீங்கள் எழுதினாப் பிறகுதான் எண்ணிப் பாத்தனான்."

பிறகு வாடிக்குள் போய் ஒரு வெள்ளைப் பீங்கானை எடுத்து வந்தார். வீட்டில் சாப்பிடுகிற தட்டு. தண்ணீர் படாமல் துடைத்து, செவுளுக்குப் போகும் ஒரு இரத்தக் குழாயை வெட்டி, கசிந்ததை அதில் வடித்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீலம் இல்லை. சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைவிடத் தெளிவாக, கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருந்தது.

"பொறுங்கோ. காத்துப் படவேணும். அண்டைக்கும் உப்பிடித்தான்."

இருவரும் பீங்கானுக்கு மேலே குனிந்தபடி இருந்தோம். அவருடைய கணவரும் கூட்டை வைத்துவிட்டு வந்து நின்றார். முதலில் ஓரத்தில்தான் தெரிந்தது. வெள்ளை உடுப்புக்கு நீலம் போட்டு அலசிய தண்ணீர் போல ஒரு மெல்லிய சாயல். பிறகு அது நடுவுக்குப் பரவியது. கொஞ்ச நேரத்தில் பீங்கானில் கிடந்தது நீலம்தான்.

மைக்குள்ளும் கழுவுகிற தண்ணீருக்குள்ளும் கலந்து போனால் அது எப்படித் தெரியும்? வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "நீலம் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள். வெள்ளையிலை வைச்சாத்தானே நீலம் தெரியும்," என்றார், இதில் என்ன இருக்கிறது என்பது போல.

வெட்டிய கணவாயின் முதுகில் இருந்து அவர் ஒரு வெள்ளை ஓட்டை இழுத்து வெளியே எடுத்தார். அதை நான் ஏற்கெனவே கண்டிருக்கிறேன். சின்ன வயதில் எனக்குக் காதுக்குள் குத்துவலி வந்தால், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி இழைத்து மருந்து செய்வார்கள். கடல் நுரை இறுகிக் கல்லாகிறது என்றுதான் நான் அன்றுவரை நம்பியிருந்தேன். அதே ஓடு. மச்சம் தொடாத எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் கணவாயின் முதுகு ஓடு இருந்திருக்கிறது. இதைச் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு நான் புறப்பட்டிருப்பேன். அவருடைய கணவர்தான், "அக்காவுக்கு முட்டையைக் காட்டினியோ?" என்றார்.

கூட்டுக்குள் கட்டியிருந்த ஒரு மரக்கொப்பில் குலையாக முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் உரித்த நுங்கு போல, திராட்சைப்பழம் அளவு. பெண் கணவாய் கூட்டைக் கண்டால் உள்ளே வந்து கொப்பில் முட்டை இடுமாம். அந்த அக்கா ஒரு சட்டிக்குள் கடல் தண்ணீர் அள்ளி, அடியில் ஒரு பிடி மண்ணும் போட்டு, கொப்பை அதற்குள் வைத்தார். ஒரு முட்டையை மட்டும் பிரித்து, என் உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குப் பிடிக்கச் சொன்னார். உள்ளே ஒரு கணவாய் இருந்தது. கண், கை, முதுகு, எல்லாம் இருந்தது. அது அசைந்தது. நிழல் விழும்படி விரலை மடக்கினேன். முட்டைக்குள் இருந்தபடியே அது நிறம் கறுத்தது.

"வெடிக்கிற பருவம். தண்ணிக்குள்ளை விடுங்கோ," என்றார்.

சட்டிக்குள் விட்டேன். சற்று நேரத்தில் தோல் பிரிந்து அது வெளியே வந்தது. என் சுண்டுவிரல் நகத்தளவு. வந்த வேகத்தில் பயந்து ஒரு புள்ளி மையைக் கக்கியது. பேனையால் ஒரு குத்து வைத்தது போல அந்த மை தண்ணீரில் நின்றது. பிறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. பிறகு அது அடியில் போய் மண்ணில் இருந்தது. இருந்ததும் மண்ணின் நிறமாகியது. கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த நானே அதைத் தொலைத்துவிட்டேன். அந்த நகத்தளவு உடம்புக்குள்ளும் மூன்று இதயங்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

அவருடைய கணவர் குஞ்சையும் முட்டைக் கொப்பையும் சட்டியோடு கொண்டுபோய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடலடிக் கல்லுப் பாருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தார். "குஞ்சு பொரிச்சு வளந்தாத்தானே அடுத்த வருசம் எங்களுக்கும் கணவாய்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "உடுப்பெல்லாம் மணக்குது" என்றார். கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, நடந்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, "முட்டைக்குள்ளை இருக்கேக்கையே நிறம் மாறினதோ?" என்று மட்டும் அவர் கேட்டார். ஓம் என்றேன்.

அன்று மாலை பக்கத்தில் எழுதினேன். கரையில் நான் எடுத்த படத்திலும் நீலம் தெரியவில்லை. அதனால் கண்டதைச் சொல்லாகவே எழுதினேன். அதற்கு வந்த விருப்பங்கள் வெள்ளிக் கிரகத்துக்கு வந்ததில் பாதியும் இல்லை. ஆனால் நெல்லியடிக்காரர், "இப்ப நம்புறன். நன்றி தங்கச்சி," என்று எழுதியிருந்தார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். அளவெட்டியில் இருந்து ஒருவர், நாதஸ்வரத்தில் விரல் வைக்கிற ஏழு துளைகளுக்குக் கீழே வேறு துளைகளும் இருக்கின்றன, அவற்றில் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வோம் என்று எழுதினார். எத்தனை திருவிழாவில் முன்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தத் துளைகளை நான் கண்டதே இல்லை.

கரையில் இருக்கும் அக்கா இப்போதும் குரற்செய்தி அனுப்புவார். போன மாதம் வந்ததில் அவருடைய கணவர் பேசியிருந்தார். பெண் கணவாய் கூட்டுக்குள் அகப்பட்டால் ஆணும் பின்னால் வருமாம். கூட்டைத் தூக்கிப் பெண்ணைப் படகில் எடுத்த பிறகும், சில ஆண்கள் போகாமல் படகடியிலேயே சுற்றுமாம். "எவ்வளவு நேரம் நிக்கும் எண்டு ஒரு நாள் இஞ்சினைப் போடாமல் பாத்துக்கொண்டிருந்தனான் அக்கா. அது போகேல்லை. நான்தான் வந்திட்டன். ஏன் எண்டு உங்கடை இன்டர்நெற்றிலை கிடக்கோ?"

ஒரு கிழமை முழுதும் தேடினேன். ஆண் பெண்ணைக் காவல் காக்கும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். படகடியில் சுற்றிய அந்த ஒன்றைப் பற்றி எங்கும் இல்லை. அவருக்கு அப்படியே சொன்னேன்.

"அப்ப நீங்கள் எழுதுங்கோ," என்றார்.