என் மகளுக்குப் பேச வராதா என்று கேட்டார்கள்!

மகள் யாழினியை வீட்டிலேயே படிக்க வைக்க முடிவெடுத்ததும், ஆண்டு முழுவதற்கும் நானே பாடத்திட்டம் போட்டேன். மலாய்ப் பயிற்சிகளை அவள் பிழையில்லாமல் எழுதியதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆண்டு முடியும் சமயம் ஜெலுத்தோங் சந்தையில் காய் வாங்கிவிட்டுத் திரும்பினால், அவளைக் காணோம்! பெயர் சொல்லிக் கத்தியபடி ஓடினேன். ஒரு மீன் கடையோரம் அழுதுகொண்டு நின்றாள்.

“அம்மா எங்கேன்னு எத்தனை தடவை கேட்டுட்டேன். பாவம், பிள்ளைக்குப் பேச வராதா?” என்று மீன் விற்கும் மலாய் அக்கா மலாயில் கேட்டார்.

வீட்டில் ஓயாமல் வாயடிக்கும் என் பிள்ளையையா! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“மலாய் தெரியும்தானே, ஏன்மா பதில் சொல்லல?”

“நம்ம வீட்ல யாரும் மலாய்ல பேசறதே இல்லலா, மா.”

பள்ளித் திடலில் விளையாடிக்கொண்டே நான் பழகிய மொழி அது. என் திட்டத்தில் அந்தத் திடல் இல்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் மீன் வாங்குவது யாழினிதான். நான் வாயே திறப்பதில்லை. போன வாரம் அந்த அக்கா வேண்டுமென்றே, “அம்மா எங்கே?” என்றார்.

“பின்னால நிக்கிறாங்க” என்றாள் மலாயில், திரும்பிக்கூடப் பார்க்காமல்.