மூன்றாவது குச்சி

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில்தான் நாங்கள் நான்கு பேர் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகினோம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். முடியாதவர் அத்தோடு வீட்டுக்குப் போகலாம். எங்களில் மூத்தவர் தென்னை நார் மில்லில் வேலை பார்த்த ஓர் அண்ணன். எழுத்துத் தேர்வில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிக மதிப்பெண். ஓட்டம்தான் இழுபறி. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிடும் என்பதால், அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

என் அப்பா கட்டட மேஸ்திரி. வீட்டில் ஐம்பது மீட்டர் டேப் இருந்ததால் மைதானத்தை அளக்கும் அதிகாரம் என்னிடம் வந்து சேர்ந்தது. நான்கு மூலையிலும் குச்சி அடித்தேன். ஒரு சுற்று முந்நூறு மீட்டர், ஐந்து சுற்று ஓடினால் கணக்குச் சரி. போனில் தூரம் காட்டும் ஆப்பை யாரும் நம்பவில்லை, என்னைத்தான் நம்பினார்கள். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு.

ஐப்பசி மழையில் மூன்றாவது மூலையில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அந்தக் குச்சியை மட்டும் பிடுங்கி இருபத்தைந்து அடி உள்ளே, மேடான இடத்தில் நட்டேன். காயும்வரைக்கும்தான் என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மழையில் இரண்டு வாரம் வராமல் இருந்தவர்கள் திரும்ப வந்து ஓடினார்கள். ஏழேகால் நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஏழுக்குள் வந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"தம்பி குடுத்த பயிற்சிங்க இது. மூச்சு எப்படி உடறதுன்னு இவருதான் சொல்லிக் குடுத்தாரு" என்றார் அண்ணன்.

அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. தண்ணீர் வற்றி, மண் காய்ந்து, வெடிப்பு விட்ட பிறகும் குச்சி உள்ளேயே நின்றது. ஒரு நாள் யாரும் இல்லாதபோது அளந்து பார்த்தேன். ஐந்து சுற்றுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் குறைந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றும் என்னை நாணவைக்கிறது. ஐந்தாவது சுற்று முடிந்தும் நிற்காமல், வேகத்தைக் குறைப்பவன்போல, குடிநீர்க் குழாய் வரைக்கும் ஓடி அங்கேதான் என் நேரத்தைப் பார்ப்பேன். எனக்கு மட்டும் முழுத் தூரம்.

ஒருமுறை அண்ணன் மூன்றாவது மூலையில் நின்று தரையையே பார்த்தார். "ஏனுங்க தம்பி, குச்சி பழைய எடத்துலதானுங்களே இருக்குது?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. "ஆமாங்ணா, அளந்துதானுங்ணா நட்டேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பினார்.

கோவையில் உடற்தகுதித் தேர்வு நடந்த காலையில் நான் ஏழு நிமிடத்துக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டேன். மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் பத்து மீட்டர்தான் இருக்கும். விசில் ஊதிவிட்டார்கள். விசில் கேட்ட பிறகும் அவர் ஓடிவந்து கோட்டைத் தாண்டித்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை குச்சியைப் பழைய இடத்தில் நட்டுவிடலாம் என்று விடியும் முன்பே மைதானத்துக்குப் போனேன். அண்ணன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், அதே நீல பனியனோடு.

"நேரம் பாருங்க தம்பி. ஒருக்கா ஓடிப்போட்டு வாரேன்."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் அந்தக் குச்சியை ஒட்டித் திரும்பினார். ஆறு நிமிடம் ஐம்பது நொடி. அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இங்க வருதுங்களே. அப்ப அங்க நான் பயந்துபோட்டனுங்களா?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொன்னால் என் சட்டையைப் பிடித்திருப்பார், அல்லது ஒன்றும் செய்யாமல் அழுதிருப்பார். எதுவாக இருந்தாலும் அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இருக்குமுங்ணா" என்றேன்.

இப்போது நான் காக்கிச் சட்டை போட்டிருக்கிறேன். அவர் அதே நார் மில்லில் சூப்பர்வைசர். பஸ் நிலையத்தில் போன மாதம் பார்த்தபோது, பள்ளிக்கூடம் போகும் மகளோடு நின்றிருந்தார். என்னை அவளுக்குக் காட்டினார்.

"அப்பா பயந்து தோத்துப்போயிட்டேன் கண்ணு. இந்த மாமாதான் பயப்படாம ஓடுனவரு."

அந்தப் பெண் எனக்கு வணக்கம் வைத்தாள். நானும் வணக்கம் வைத்தேன்.