தமிழரான வன் டைக்

டென்மார்க்கின் ஸ்கீவ நகருக்கு அகதிகளாக வந்த தமிழர்களுள் குடும்பப் பெயர் என்று ஒன்றை உண்மையிலேயே வைத்திருந்தவர் டானியல் வன் டைக் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அப்பாவின் பெயரே கடைசிப் பெயர். தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு இன்னொன்று எப்படி வரும் என்று டேனிஷ் அதிகாரிகள் தலையைச் சொறிவார்கள். அவர்களும் ஒரு காலம்வரை அப்பன் பெயரைச் சுமந்தவர்கள்தான். அரசாங்கம் நிறுத்தச் சொன்னதும் ஹான்ஸ் மகன் ஹான்சன், பேரன் வரைக்கும் ஹான்சனாகவே உறைந்துவிட்டார். ஆக, ஒழுங்கான பெயருள்ள டானியலுக்குக் கரைச்சல் வந்திருக்கக்கூடாது. அவருக்குத்தான் வந்தது.

1986இல் தஞ்சம் கேட்டபோது பொலிஸ்காரர் பெயரை இரண்டு தரம் வாசித்தார். "நீர் ஒல்லாந்துக்காரர் என்றால் ஒல்லாந்துக்குப் போகலாமே?" தான் மன்னார்த் தமிழன் என்று டானியல் சத்தியம் பண்ணினார். போதவில்லை. கடைசியில் தமிழில் செபமாலை சொல்லத் தொடங்கினார். இரண்டாவது மணியிலேயே மொழிபெயர்ப்பாளர் கையெடுத்துக் கும்பிட்டு, "இவர் தமிழர்தான், நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த வருடம், மனைவி எமிலியாவையும் மகள் கிளோறியாவையும் கூப்பிட விண்ணப்பித்தார். ஒரு பதிலும் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் கூட வேலை செய்த சண்முகலிங்கம் செய்தி கொண்டுவந்தார்.

"அண்ணை, தமிழற்றை பைலுகளை மட்டும் இழுத்து வைச்சிருக்கிறாங்களாம். பக்கத்து ஈரான்காரன்ரை மனிசி வந்திட்டா."

டானியல் கையுறையைக் கழற்றிவிட்டு யோசித்தார். "அப்ப நான் தமிழன் இல்லையெண்டால்?"

"போன வருசம் செபமாலை சொல்லிச் சத்தியம் பண்ணினீங்கள்!"

"அது போன வருசம்."

இப்போது அவர் ஒல்லாந்தர் ஆகவேண்டும். அதற்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியவேண்டும். அங்கேதான் குழப்பம். பெரியப்பா சொன்னபடி மூதாதை ஒரு ஒல்லாந்துச் சிப்பாய். கோட்டையை விட்டோடி மன்னாரில் கலியாணம் கட்டியவன். மாமி சொன்னபடி அவன் அந்தச் சிப்பாயின் சமையல்காரன். அப்பா சொன்னபடி அவன் குருசுமுத்து என்ற மன்னார்த் தமிழன். காணியைக் காப்பாற்ற ஒல்லாந்தருடைய கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, ஞானத்தந்தையான ஒல்லாந்து அதிகாரியின் பெயரை வாங்கியவன். மூன்று பேரும் அடித்துச் சொன்னார்கள். ஒருவரிடமும் ஆதாரம் இல்லை.

பக்கத்து விபோர்க் நகரின் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைத்த சுவாமியார் தற்செயலாக ஒல்லாந்துக்காரர். பூசை முடிந்ததும் டானியல் அவரை மறித்தார்.

"சுவாமி, நான் உங்கடை ஆள் எண்டு எழுதித் தாங்கோ."

"வன் டைக்கா? அணைக்கட்டிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். எங்கள் நாட்டில் கடலைத் தடுத்த இடமெல்லாம் அணைதான். அதன் ஓரத்தில் குடியிருந்தவனெல்லாம் வன் டைக். ஒருவனுக்கொருவன் சொந்தமே இல்லை. எங்கள் ஊர்ப் பால்காரரும் வன் டைக். உங்கள் ஊரில் அணை உண்டா?"

"குளம் இருக்கு சுவாமி."

சுவாமியார் மூன்று கதைகளையும் கேட்டார். பிறகு கேட்டார்: "ஒன்று விளங்கவில்லை. உங்கள் ஊரில் கத்தோலிக்கரைத் துரத்தியவர்களே எங்கள் நாட்டுப் புரட்டஸ்தாந்துக்காரர்தான். எங்கள் பெயரை வைத்துக்கொண்டு நீர் எப்படிக் கத்தோலிக்கர்?"

"பேர் அவங்கடை கோயிலிலை எடுத்தது. பூசை களவாய்க் கண்டது."

"உம்முடைய மூதாதை காணிக்காக ஒல்லாந்தர் ஆனார், நீர் மனைவிக்காக. அவருக்குக் காணி தப்பியதா?"

"தப்பினதாம். பிறகு இங்கிலீசுக்காரன் வந்து பறிச்சுப்போட்டான்."

சுவாமியார் சிரித்துச் சிரித்து எழுதிக்கொடுத்தார்: இவர் பெயர் வன் டைக், நல்ல கத்தோலிக்கர், மூதாதையரைப் பற்றிக் கடவுளுக்குத்தான் தெரியும். டானியல் அதையும் அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. தான் தமிழனாகக் காத்திருக்கிறாரா, ஒல்லாந்தராகக் காத்திருக்கிறாரா என்று அவருக்கே தெளிவில்லாமல் அந்தக் குளிர்காலம் போயிற்று.

1989இல், தமிழருடைய பைல்களை அரசாங்கமே சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்த விஷயம் பத்திரிகைகளில் நாறியது. பைல்கள் அசைந்தன. கொழும்பில் எமிலியாவை டேனிஷ் அதிகாரிகள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்று டானியல் கேள்விப்பட்டார். சுவாமியாரின் கடிதம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

விமான நிலையத்தில் வந்திறங்கிய கிளோறியாவைத் தூக்கியபடியே டானியல் எமிலியாவிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

"உம்மட்டை என்ன கேட்டவங்கள்?"

"புருசன் எந்த நாட்டுக்காரர் எண்டு. ரெண்டு மாதிரிக் கடதாசி கிடக்காம்."

"என்ன சொன்னனீர்?"

"தமிழர் எண்டன். பேர் வெளியிலையிருந்து வந்தது, ஆள் வரேல்லை எண்டன். ஏன், பிழையே?"

மூன்றாம் நாள் பதிவு செய்யக் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வன் டைக் என்ற பெயரைப் பார்த்தாள், எமிலியா பஸ்தியாம்பிள்ளை என்ற பெயரைப் பார்த்தாள், மூவரையும் பார்த்தாள். ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்க வந்திருந்த சண்முகலிங்கம் டானியலின் பக்கம் திரும்பினார்.

"எந்த நாட்டுப் பேராம். அண்ணை, இண்டைக்குத் தமிழனோ ஒல்லாந்தனோ?"

டானியல் மகளை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"என்னைக் கேளாதை. எமிலியாவைக் கேள்."