அப்பாவுக்கு டேப்லெட்டில் போட்ட வழி

முதல்லயே சொல்லிடுறேங்க, நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. வீட்ல டிவி தானா ஆஃப் ஆச்சுன்னா மத்தவங்க சாமி படத்தைப் பாப்பாங்க, நான் பிளக் பாயிண்ட்டைப் பாப்பேன். எங்க பிளாக்ல ஒரு காலி குவார்ட்டர்ஸ்ல பேய் இருக்குன்னு புரளி கிளம்புனப்ப, அந்த வீட்டுத் தோட்டத்துக்குள்ளயே போயி மாங்கா அடிச்சிட்டு வந்தவ நான். அதனால இப்ப நான் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிச்சா எனக்குக் கோவம் வராது. சரி, கொஞ்சம் வரும், பரவாயில்ல.

நெய்வேலி டவுன்ஷிப்ல வளந்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு தனி உலகங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம், வீட்டுக்கு வீடு பலாவும் முருங்கையும், தமிழ்நாடே கரண்ட் கட்டுல வெந்துக்கிட்டிருந்தப்பகூட எங்க வீட்ல ஃபேன் நிக்காது. அப்பா மைன்ஸ்ல கன்வேயர் செக்‌ஷன், ஷிப்ட் டூட்டி. டூட்டி முடிஞ்சு கேட் பக்கத்துல சைக்கிளை நிறுத்தும்போது அவர் சட்டையில ஒட்டியிருக்கிற மண்ணைப் பாத்தே மைன்ஸ்ல மழையா வெயிலான்னு சொல்லிடுவேன்.

என்னதான் இருந்தாலும் குவார்ட்டர்ஸ் கம்பெனி வீடு, ஒருநாள் காலி பண்ணித்தான் ஆகணும். அதுக்காக டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளிய, வடக்குத்துங்கிற ஊர்ல அப்பா மனை வாங்கி வீடு கட்டிக்கிட்டிருந்தார். ஆஃப் கிடைச்சா போதும், சைக்கிளை எடுத்துக்கிட்டு அங்க ஓடிடுவார். பூச்சு வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போயிட்டார், ரிட்டையர்மெண்ட்டுக்குக் கொஞ்ச மாசந்தான் இருந்துச்சு. மிச்ச வேலையை மாமா நின்னு முடிச்சுக் குடுத்தார். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கிற நாளும் நெருங்கிடுச்சு, ஆனா அம்மா அசையவே இல்ல. ஒரு பாத்திரத்தைக்கூட மூட்டை கட்ட விடல.

அம்மாவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி வந்ததுலேருந்து அந்த ஒரு வீடுதான்.

"ஏண்டி, அந்தப் புது வீட்டுல அவுக ஒருநாள்கூட தலை சாய்க்கல. அவுக சைக்கிளு நேரா இந்த கேட்டுக்குத்தான் வரும். நம்ம பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிட்டா, வந்து நிக்கிறவுக எங்கிட்டுப் போவாக? நாம அங்கன இருக்கோம்னு அவுகளுக்கு யாரு சொல்லுவா?"

"அம்மா, அப்பா செத்துட்டார்மா."

"அது எனக்குத் தெரியும்டி. நான் கேட்டது வேற."



அப்ப என்கிட்ட ஒரு ஏழு இஞ்ச் டேப்லெட் இருந்துச்சு, அப்பா பாண்டிச்சேரியில வாங்கிக் குடுத்தது. வேலை கிடைக்காம வீட்ல சும்மா இருந்தேனா, அதை ரூட் பண்ணி நோண்டிக்கிட்டே கிடப்பேன். ரூட்னா வேற ஒண்ணுமில்ல, செஞ்சவன் பூட்டி வெச்ச உள்பக்கத்தை நாமளே திறந்துக்கிறது. ஆன் பண்ணும்போது ஒரு சின்னப் படம் ஓடும் பாருங்க, பூட் அனிமேஷன், அதைக்கூட மாத்திக்கலாம். போட்டோக்களை வரிசையா நம்பர் போட்டு ரெண்டு ஃபோல்டர்ல வெச்சு ஒரே ஜிப் ஃபைலா கட்டி உள்ள போடணும். முதல் ஃபோல்டர் ஒரு தடவ ஓடும், ரெண்டாவது ஃபோல்டர் டேப்லெட் முழுசா ஆன் ஆகுற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும்.

அம்மாவுக்கு அந்த டேப்லெட்ல தினமும் அப்பா போட்டோவைப் பாக்குற பழக்கம். பேட்டரி செத்துப்போன ஐட்டம், அதனால ஆன் பண்ணிப் பாத்துட்டு உடனே ஆஃப் பண்ணிடும். அப்ப தினமும் அந்த பூட் படம் அம்மா கண்ணுல படும்ல, எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு எங்க கேட்லேருந்து புது வீடு வரைக்கும் நிறுத்தி நிறுத்தி போட்டோ எடுத்தேன். மெயின் ரோடு, ஆர்ச் கேட், ஹைவேஸ், வடக்குத்துத் தெரு, கடைசியா பூட்டிக் கிடக்கிற புது வீட்டு வாசக்கதவு. செக்யூரிட்டி ஒருத்தர், "என்னம்மா, ரோடு அளக்கிறியா?"ன்னு கேட்டார். ஆமாண்ணே, விக்கப்போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எல்லாத்தையும் அவசர அவசரமா ஜிப் கட்டி உள்ள போட்டுட்டு, மத்தியானம் சாப்பிட்டதும் டேப்லெட்டை அம்மா மடியில வெச்சேன். "இந்தா, உன் வீட்டுக்காரருக்கு வழி போட்டுக் குடுத்துட்டேன். தினம் ஆன் பண்ணு, பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்"னேன். நக்கலாத்தாங்க சொன்னேன், ஆனா அழுகையை அடக்கிக்கிட்டு சொன்ன நக்கல்.

அம்மா ஆன் பண்ணுச்சு. எங்க கேட் வந்துச்சு. ரோடு வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. ஆனா ஆர்ச் கேட் பக்கம் திரும்ப வேண்டிய இடத்துல படம் திரும்பல. நேரா போயி ஒரு முந்திரித் தோப்புக்குள்ள நுழைஞ்சுது. செம்மண் தடம், இடிஞ்ச மதில் சுவர், சிவப்புத் துணி கட்டுன ஒரு அடிபம்பு. சத்தியமா சொல்றேன், அந்தப் பக்கம் நான் போனதே இல்ல. படத்துக்கு அடியில சைக்கிள் ஹேண்டில் பார் வேற ஆடிக்கிட்டே வருது.

"அவுக குறுக்கு வழிடி," அம்மா மெதுவா சொல்லுச்சு. "தோப்பு வழியா போனா சீக்கிரம் போயிரலாம்னு சொல்லுவாக."

புது வீடு வந்துச்சு. நான் எடுத்தது பூட்டுன கதவு. இதுல கதவு திறந்து கிடக்கு. உள்ள ஹால்ல ஒரு பிளாஸ்டிக் சேர்ல அம்மா உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கு. இலைப்பச்சை சேலை. தலை பூரா வெள்ளை. அப்பல்லாம் அம்மாவுக்கு காதோரம் நாலு நரை இருந்தா அதிகம். அந்த ஒரு படம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுச்சு, அப்பறம் டேப்லெட் எப்பவும் போல ஆன் ஆயிடுச்சு.

அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுது. "தெரிஞ்சுதான் இருக்காக. எந்திரி, சாமானைக் கட்டுவோம்"னு சொல்லிட்டு நேரா அடுப்படிக்குப் போயி பரண்ல இருந்து பாத்திரத்தை இறக்க ஆரம்பிச்சிடுச்சு.

நான் அந்த ஜிப் ஃபைலைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஒவ்வொரு படமா பாத்தேன். எல்லாம் நான் எடுத்ததுதான், தோப்பும் இல்ல, அடிபம்பும் இல்ல. இன்னொண்ணு சொல்றேன், நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. அந்த ஜிப்பை சுருக்காம கட்டணும், அதுதான் முக்கியம். சாதாரண ஜிப் மாதிரி சுருக்கிக் கட்டினா டேப்லெட்டால அதைப் படிக்க முடியாது, திரை கருப்பாவே நிக்கும். நான் அவசரத்துல சுருக்கித்தான் கட்டி வெச்சிருக்கேன். அதாவது, அன்னிக்கு எந்தப் படமுமே ஓடியிருக்க முடியாது. ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்தேன், கருப்புதான். சரியா கட்டிப் போட்டப்ப நான் எடுத்த ரோடு ஓடுச்சு, பூட்டுன கதவுல போயி நின்னுச்சு. மறுநாள் தோப்பைத் தேடிப் போனேன். மதில் சுவரும் அடிபம்பும் சிவப்புத் துணியும் அப்படியே இருந்துச்சுங்க.

வடக்குத்து வந்து பல வருஷமாச்சு. கரண்ட் போறப்பல்லாம், "அங்க இருந்தப்ப ராணி மாதிரி இருந்தோம்டி"ன்னு அம்மா புலம்பும். எனக்குக் கல்யாணமாகி சென்னைக்கு வந்துட்டேன். அம்மா வர மாட்டேன்னுடுச்சு, அந்த வீட்லயேதான் இருக்கு. தலை இப்ப நல்லாவே வெளுத்துடுச்சு. டை அடிச்சுக்கோம்மான்னு நானும் பாட்டிலா வாங்கிக் குடுத்துப் பாத்துட்டேன், தொடாது. அந்த ஹாலைப் பத்தி நாங்க பேசுனதே கிடையாது. அம்மா வழியை மட்டுந்தான் பாத்துச்சு, சேலையைக் கவனிக்கலன்னு இத்தனை வருஷமா நானே என்னைத் தேத்திக்கிட்டிருந்தேன். அதைக் கட்டுற அன்னிக்கு அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாரோன்னு பயந்து, பச்சையில ஒரு ரவிக்கைத் துணிகூட அதுக்கு வாங்கிக் குடுத்ததில்ல.

போன பொங்கலுக்குக் கடலூர்ல ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். குவிச்சுப் போட்டதுல கையை விட்டு அம்மா இலைப்பச்சையை உருவுச்சு. "அது வேணாம்மா, உனக்கு எடுப்பா இருக்காது, இந்த மெரூனைப் பாரு"ன்னு நான் பதறுறேன். அம்மா அதைத் தோள்ல போட்டுக் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு:

"நீ மட்டுந்தான் பாத்தேன்னு நெனச்சியாக்கும்?"

அந்தச் சேலை இன்னும் கட்டாம பீரோவுல இருக்கு. ஒவ்வொரு தடவ ஊருக்குப் போனதும், செருப்பைக் கழட்டிட்டு நேரா போயி, அது மடிப்புக் கலையாம இருக்கான்னுதான் முதல்ல பாக்குறேன்.